சாட்சி மாமா உடைத்த அணை

இந்த உலகத்தில் இதுவரை நடந்த அத்தனையையும் நேரில் பார்த்த ஒரே மனிதர் எங்கள் எஸ்டேட்டில்தான் இருக்கிறார். கேமரன் மலையில் கம்போங் ராஜாவைத் தாண்டி, தேயிலைக்கு நடுவே சுற்றிச் சுற்றி ஏறும் மண்சாலை முடிகிற இடத்தில் அவர் வீடு. அடையாளக் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருக்கும்தான். அதை யாரும் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு அவர் சாட்சி, எங்களுக்குச் சாட்சி மாமா.

பெயர் சர்ச்சில் கிடைத்தது. ஞாயிறு ஆராதனையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில், "யாராச்சும் சாட்சி சொல்றீங்களா?" என்று பாஸ்டர் கேட்பார். கடவுள் அந்த வாரம் செய்த நன்மையை எழுந்து நின்று சபைக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, மகனுக்கு வேலை கிடைத்தது என்று மற்றவர்கள் இரண்டு வரியில் முடித்துக்கொள்வார்கள். மாமா அப்படியில்லை. பாஸ்டர் கேள்வியை முடிப்பதற்குள் எழுந்து, டையைச் சரிசெய்து, தொண்டையைச் செருமிவிடுவார். பிறகு பாஸ்டர் சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பார், பெண்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், பிள்ளைகள் தூங்கப் போவார்கள்.

தேயிலைக்கு மருந்து அடிப்பது அவர் வேலை. முதுகில் மருந்துத் தொட்டியோடு நாளெல்லாம் மலைச் சரிவில் நிற்கிற மனிதர் இத்தனை சம்பவங்களை எப்படிப் பார்த்தார் என்பது எங்களுக்குப் பிடிபட்டதே இல்லை. கோலா தெர்லாவில் காய்கறி லோரி கவிழ்ந்தால், கவிழும்போது மாமா அங்கே நின்றிருப்பார். கியா பார்மில் ஒரு வெள்ளைக்காரர் ஸ்ட்ராபெரி விற்கும் பெண்ணைக் கண்டு மயங்கினார் என்று பேச்சு வந்தால், மயங்கிய நொடியில் இருவருக்கும் நடுவே நின்றவர் மாமா.

"நான் அங்கதான லா நின்னேன்" என்று ஆரம்பிப்பார்.

என் அப்பாவும் அவரோடு மருந்து அடித்தவர். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏன்யா, லோரி கவுந்த நேரத்துல நீ என் பக்கத்துலதான மருந்தடிச்சிக்கிட்டு இருந்த?"

"அடிச்சிக்கிட்டேதான் எட்டிப் பாத்தேன்" என்றார் மாமா.

அவர் பொய்யர் என்று யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பொய் சொல்கிறவனுக்கு ஏதாவது லாபம் இருக்க வேண்டும். மாமாவுக்கு ஒரு சிலோன் டீ கூடக் கிடைத்ததில்லை. எங்கள் எஸ்டேட்டுக்காரர்களின் விநோதம் என்னவென்றால், அவர் சொன்னால் சிரிப்பார்கள், அதையே ஒரு கண்ணாடித் திரை சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். ஒரு காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்துக்கு, மாமா பரபரப்பாக வந்தார். ராத்திரி தன் கட்டில் ஆடியது என்றார். எல்லாரும் கேலி செய்தார்கள். சாயங்காலம் தொலைக்காட்சியில் எங்கோ தூரதேசத்தில் நிலநடுக்கம் என்று செய்தி வந்தது. அவ்வளவுதான். மறுநாள் பெரட்டில் கட்டில் ஆடாத வீடே இல்லை. பாய் போட்டுத் தரையில் படுக்கிற மூக்காயி அக்காகூடத் தன் கட்டில் ஆடியது என்றார்.

"நான் சொன்னப்ப நம்பலயே" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

"நீ சொன்னா எப்படி லா நம்புறது? டிவில சொல்லிட்டான்ல" என்றார்கள்.

அன்றைக்கு நான் ஈப்போ பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என்னிடம் மனம் விட்டுச் சொன்னார்: "ஒரே ஒரு தடவ, நான் ஒண்ணு சொல்லி இந்தச் சனங்க அத்தன பேரும் நம்பணும். அதப் பாத்துட்டா எனக்குப் போதும் லா." சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை.

கேட்டது கிடைத்தது. இப்படிக் கிடைத்திருக்க வேண்டாம்.

என் தங்கை ஸ்டெல்லாவுக்கு நிறைமாதம். அவள் புருஷனுக்குச் சிங்கப்பூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அதனால் நான் ஈப்போவில் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மேலே வந்து அவளோடு தங்கியிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மாமா சொன்ன சாட்சி, ஒரு சொப்பனம் பற்றியது. கர்த்தர் தனக்குச் சொப்பனத்தில் அணை உடைவதைக் காட்டினார் என்று ஆரம்பித்து, வெள்ளம், ஓட்டம், கூக்குரல் எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். கடைசியில் விழித்துப் பார்த்தால் தகரக் கூரை ஒழுகி முகத்தில் சொட்டிக்கொண்டிருந்ததாம். ஆகவே எஸ்டேட் துரை எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கூரைகளை மாற்றித் தர வேண்டும் என்பது கர்த்தருடைய சித்தம் என்று முடித்தார்.

முடித்தார் என்று நான் இப்போது தெளிவாகச் சொல்கிறேன். அன்று நாங்கள் யாரும் அதுவரை கேட்கவில்லை. நான் மத்தியானம் கோழியைக் குழம்பு வைப்பதா பிரட்டுவதா என்ற யோசனையில் இருந்தேன்.

சபையில் ஒரே ஒரு ஜீவன் அதைக் கேட்டது. அது ரோசம்மா அக்காவின் கைப்பேசி. ரோசம்மா அக்கா சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர். யாராவது சாட்சி சொன்னால் பின்னணியில் சோகமாக ஒரு மெட்டை இழையவிடுவார், கல்லும் கரையும். ஈப்போவில் நடமாட முடியாமல் இருக்கும் தன் அம்மா கேட்கட்டும் என்று வாரா வாரம் கைப்பேசியைக் கீபோர்டு மேலே வைத்துப் பதிவு செய்து அனுப்புவார். அன்று இரண்டு கையும் வாசிப்பில் இருந்ததால் பொத்தானை அமுக்கத் தாமதமாகிவிட்டது. சொப்பனம் என்று மாமா சொன்னது போச்சு. அடுத்த பாட்டுக்குப் புத்தகத்தைத் திருப்பும்போது விரல் பட்டு, விழித்துக்கொண்டது வருவதற்குள் பதிவு நின்றுவிட்டது. மிஞ்சியது நட்டநடு வெள்ளம் மட்டும்.

அதை ஈப்போவில் அந்த அம்மா பக்கத்து வீட்டுக்காரிக்குப் போட்டுக் காட்டினார். அவள் பதறிப்போய் தன் மருமகளுக்கு அனுப்பினாள். அங்கிருந்து அது எங்கெங்கே போனதோ, எந்தெந்தக் குழுவில் தங்கி எழுந்ததோ. வியாழக்கிழமை மலையேறி எங்களிடமே வந்து சேர்ந்தது.

மத்தியானத்திலிருந்து அடை மழை. கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டு எல்லாரும் லயத்துக்குத் திரும்பியிருந்தார்கள். கையில் வேலை இல்லை, கைப்பேசி இருந்தது. முதலில் ஸ்டெல்லாவின் கைப்பேசி கிணுங்கியது. 'அவசரம், கேமரன் டேம் உடைந்தது, எல்லாருக்கும் அனுப்பவும்' என்று எழுதி, கூடவே ஒரு குரல் பதிவும் ஒரு படமும். படத்தில் அணைக்குப் பின்னால் பனி மூடிய சிகரம் தெரிந்தது. கேமரன் மலையில் என்றைக்குப் பனி மூடியது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிப்பதற்குள் குரல் பேசத் தொடங்கிவிட்டது.

"டேம் ஒடைஞ்சிருச்சி. என் கண்ணால பாக்குறேன். தண்ணி மலைய விட ஒசரமா வருது. முன்னால ஒரு மாடு மெதந்து வருது. பிள்ளைங்கள தூக்கிக்கிட்டு ஓடுங்க, சாமான் எதையும் எடுக்காதீங்க." நடுவில் ஒரு இருமல். பின்னால் நெஞ்சைப் பிசையும் இசை. அதற்கும் பின்னால் ஜனங்களின் ஓலம். அந்த ஓலம், தூக்கக் கலக்கத்தில் நாங்களே முனகிய ஸ்தோத்திரம் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

கதவுகள் படபடவென்று திறந்தன. எல்லா வீட்டிலும் அதே குரல், ஆளுக்கொரு கைப்பேசியில், ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஒலித்தது. ஒருவர் அரிசி வேகவைக்கும் குக்கரைத் தூக்கிக்கொண்டு ஓடினார், உள்ளே சோறு இருந்தது. ஒருவர் தொலைக்காட்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினார். மூக்காயி அக்கா வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய், பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி ஓடி வந்தார். ரோசம்மா அக்கா கீபோர்டுக்கு மழைச்சட்டை போர்த்தித் தோளில் சுமந்து வந்தார். தான் வாசித்த மெட்டைத் தன் கைப்பேசியிலேயே கேட்டு அவரும் அழுதுகொண்டுதான் வந்தார்.

"சத்தம் கேக்குதா? தண்ணி வருது" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் நின்று கேட்டோம். கேட்டது. தகரக் கூரையில் விழுந்த மழை அது. அன்றைக்கு அது வெள்ளமாகத்தான் கேட்டது, நானும் கேட்டேன்.

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவர்தான் படித்தவர் என்ற முறையில் ஒரு நியாயம் கேட்டார். "டேம் மலைக்கு அந்தப் பக்கம், நமக்கு எவ்வளவோ கீழ இருக்குல்ல? தண்ணி எப்படிங்க மேல வரும்?"

கூட்டம் அவரையே திரும்பிப் பார்த்தது. பிறகு மூக்காயி அக்கா சொன்னார்: "கீழேருந்தே ஏறி வருதுன்னா, அது எவ்வளவு தண்ணி பாத்துக்குங்க."

கிராணியின் முகம் வெளுத்துவிட்டது. லோரியில் முதலில் ஏறியவர் அவர்தான்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற ஒரு இணையச் செய்திப் பக்கமும் வந்து சேர்ந்தது. சிவப்புக் கோட்டுப் போட்ட பெண் மூச்சு வாங்காமல், "மலைவாழ் மக்கள் அலறியடித்து ஓடும் காட்சிகள் இப்போது நேரலையில்" என்றார். ஓடுகிறவர்களைக் காட்டினார்கள். மழை, தேயிலை, லயம், குக்கரோடு ஒருவர். எங்கள் ஆள் ஒருவர் ஓடிக்கொண்டே படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். நாங்கள் ஓடுவதை நாங்களே கைப்பேசியில் பார்த்தோம். ஐயோ, இவ்வளவு பேர் ஓடுகிறார்களே என்று பயந்து இன்னும் வேகமாக ஓடினோம்.

கொழுந்தை எடைபோடும் நிறுவைக் கொட்டகைக்கு முன்னால் கொழுந்து லோரி நின்றது. டிரைவர் முருகேசு திருநீற்றைக் கண்ணாடிக்குப் பூசிக்கொண்டிருந்தார். கீழே போக ஒரே பாதை. மழை பெய்தால் மோட்டர்சைக்கிள்காரர்கள்கூட இறங்கி உருட்டுகிற செம்மண் பாதை, ஒரு வளைவில் இடது பக்கம் வெறும் பள்ளம். அந்த லோரியில் எஸ்டேட்டில் பாதி ஏறிவிட்டது. ஸ்டெல்லாவைப் பெண்கள் தூக்கிச் சாக்குகளின் மேல் உட்கார வைத்தார்கள். அவள் ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இந்த லோரில நான் வரல. பயமா இருக்கு" என்றாள். எனக்கு வெள்ளத்தைவிட அந்த வளைவுதான் அப்போது கண்ணுக்குள் நின்றது. ஆனாலும் இறங்கச் சொல்ல வாய் வரவில்லை.

அப்போதுதான் சாட்சி மாமா வந்தார், ஒற்றைச் செருப்போடு. இதுவரை அவருக்குச் செய்தியே தெரியாது, மருந்துக் கொட்டகையில் ஒண்டியிருந்திருக்கிறார். யாரோ கைப்பேசியைக் காதில் வைத்தார்கள். கண்ணை மூடிக் கேட்டார். நம் குரலை இயந்திரத்தில் கேட்டால் நமக்கு அடையாளம் தெரிவதில்லை. மாமாவுக்கும் தெரியவில்லை.

"இது சத்தியம் லா" என்றார் நடுங்கிக்கொண்டே. "கொரலக் கேட்டாலே தெரியுதுல்ல? நேர்ல பாத்தவன் கொரல் இது. பொய் சொல்றவன் இப்படிப் பேச மாட்டான்."

"அண்ணே, உங்களுக்கு இது முன்னமே தெரியுமா?" என்று முருகேசு கேட்டார்.

பழக்கதோஷம். வாய் தானாகத் திறந்தது. "நான் அங்கதான லா நின்னேன்."

"சாட்சியே பாத்துட்டு வந்திருக்காராம்" என்று லோரிக்குள் செய்தி பரவியது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மாமா முகத்தை நான் பார்த்தேன். அத்தனை பேரும் தன்னை நம்பிக்கொண்டிருப்பதை அவர் கண்டுகொண்டார். அந்த நடுக்கத்திலும் அவர் முதுகு நிமிர்ந்தது.

முருகேசு இஞ்சினைக் கிளப்பினார். லோரிக்குள் யாரோ பதிவை மறுபடி போட்டார்கள். முன்னால ஒரு மாடு மெதந்து வருது, என்றது குரல். மாமா ஒற்றைக் காலில் ஏறப்போனவர் அப்படியே நின்றார்.

"அந்த மாடு" என்றார். "அந்த மாடு என் மாடு லா."

"உங்களுக்கு ஏதுண்ணே மாடு? ஏறுங்க."

"என் சொப்பனத்துல வந்த மாடு. இது என் சாட்சி. ஞாயித்துக்கெழம நான் சொன்ன சாட்சி லா இது. அது என் கொரல்."

லோரி முழுவதும் அலுத்துக்கொண்டது. இந்த நேரத்திலுமா என்று கிராணி தலையில் அடித்துக்கொண்டார். ஊரில் எது நடந்தாலும் அங்கே நின்ற மனிதர், இப்போது உலகத்தையே ஓட வைத்த குரலும் என்னுடையது என்கிறார். யார் நம்புவார்கள்? வாழ்நாளில் முதன்முறையாக மாமா உண்மையைச் சொன்னார், ஒரு ஈ காக்கைகூட நம்பவில்லை.

லோரி நகர்ந்தது. மாமா அதன் முன்னால் போய் நின்று பம்பரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"தள்ளுங்கண்ணே" என்றார் முருகேசு.

"என் மேல ஏத்திட்டுப் போ. உள்ள புள்ளத்தாச்சி இருக்கா, அந்த வளைவு தாங்காது" என்றார் மாமா. பிறகு திரும்பி, "ரோசம்மா, அன்னிக்கு வாசிச்சத வாசி" என்றார்.

ரோசம்மா அக்கா அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். என்ன தோன்றியதோ, கொட்டகைக்குள் கீபோர்டை இறக்கி, மழைச்சட்டையை விலக்கி, பேட்டரியில் போட்டு வாசித்தார். கைப்பேசியில் கேட்ட அதே சோகம். லோரிக்குள் சத்தம் குறைந்தது. மாமா டை இல்லாத கழுத்தைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமி, மழையில் நின்று ஆரம்பித்தார். லோரிக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்த கைப்பேசி சொல்வதற்கு முன்பே அடுத்த வரியை அவர் சொன்னார். தண்ணி மலையைவிட உயரமாக வந்தது. மாடு மிதந்தது. இருமல் வர வேண்டிய இடத்தில் இருமல் வந்தது, அது மழையில் நனைந்த நிஜ இருமல். பதிவு நின்ற இடத்தில் அவர் நிற்கவில்லை.

"அப்பறம் முழிச்சிட்டேன். கூர ஒழுகி மூஞ்சில சொட்டுது. அவ்வளவுதான் லா. வேற ஒண்ணும் நடக்கல."

முருகேசு இஞ்சினை அணைத்தார்.

மழைச் சத்தம் மழைச் சத்தமாகக் கேட்டது. பிறகு மூக்காயி அக்கா லோரி மேலிருந்தே கேட்டார்.

"அப்ப இப்ப டேம் பக்கத்துல நின்னேன்னு சொன்னீங்களே?"

"நிக்கல" என்றார் மாமா.

"கோலா தெர்லாவுல லோரி கவுந்தப்ப?"

"அங்கயும் நிக்கல."

"உங்க கட்டில் ஆடுனது?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "ஆடல."

தன் கட்டில் ஆடியதைப் பற்றி மூக்காயி அக்காவோ மற்றவர்களோ மூச்சு விடவில்லை. ஒவ்வொருவராக லோரியிலிருந்து இறங்கினார்கள். பயம் போன வேகத்தில் கோபம் வந்தது, அதற்கு ஓர் ஆள் வேண்டுமே. சிலர் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அவர் மழையிலேயே நின்றார். ஸ்டெல்லாவை இறக்குவதற்கு அவர்தான் கை கொடுத்தார்.

மறுநாள் முருகேசு வெறும் லோரியோடு கீழே போனபோது, லோரி அந்த வளைவில் சறுக்கி, நல்லவேளை, மலைப் பக்கம் மோதி நின்றது. சாயங்காலம் அவர் மாமா வீட்டு வாசலில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தார். அந்தச் செய்திப் பக்கம், 'அணை உடையவில்லை, அதிர்ச்சித் தகவல்' என்று அதே சிவப்பு எழுத்தில் போட்டது. அதையும் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அனுப்பினார்கள்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் வழக்கம்போல், "யாராச்சும் சாட்சி சொல்றீங்களா?" என்று கேட்டார். எல்லார் தலையும் மாமாவின் பக்கம் திரும்பியது. அவர் பாட்டுப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். ஆராதனை சீக்கிரம் முடிந்தது, கோழிக்குழம்பு நேரத்துக்கு ஆயிற்று, யாருக்கும் சந்தோஷமில்லை. தூங்குவதற்கு நேரமில்லாமல் பிள்ளைகள் பாஸ்டரின் பிரசங்கத்தைக் கேட்க வேண்டியதாயிற்று.

ஸ்டெல்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் மாமா வீட்டுக்குப் போனோம். கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். மாமா குழந்தையைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. டீ கொடுத்தார். உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

"மாமா, இவ பொறந்தப்ப என்ன நடந்துச்சின்னு சொல்லுங்க" என்றாள் ஸ்டெல்லா.

"எனக்கெப்படிம்மா தெரியும்? நான் மருந்தடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"தெரியும். சொல்லுங்க."

"சொன்னா நீ நம்பவா போற?"

"நம்ப மாட்டேன் மாமா" என்றாள் அவள். "நீங்க சொல்லுங்க, நாங்க கேக்கத்தான வந்திருக்கோம்."

மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். பிள்ளை பிறந்த நேரத்தில் மலைமேல் இரண்டு வானவில் ஒன்றாக வந்ததாம். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற டாக்சிகளெல்லாம் தானாக ஹார்ன் அடித்தனவாம். பெரிய டாக்டர் கையில் வாங்கியதும் குழந்தை அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதாம்.

பிரசவ அறையில் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். பெரிய டாக்டர் அன்று வரவே இல்லை. வெளியே ஒரே மூடுபனி. மாமா மூச்சு வாங்கிக்கொள்ளச் சற்று நிறுத்தினார். "அப்பறம் என்ன மாமா ஆச்சி?" என்று கேட்டது நான்தான்.